ஐவோ ஜிமா படம்: ஜப்பான்காரங்களை இவ்வளவு நல்லவங்களா காட்டலாமா?

ராத்திரிஷோ:
'லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜிமா' (2006) இப்பதான் பார்த்தேன். இரண்டாம் உலகப்போர்ல ஐவோ ஜிமாங்கிற ஜப்பான் தீவுல அமெரிக்காக்காரங்களோட நடந்த சண்டைய, ஜப்பான் சிப்பாய்ங்க பக்கத்துலேர்ந்து காட்டுற படம். எடுத்தது அமெரிக்க இயக்குநர் கிளின்ட் ஈஸ்ட்வுட், பேசுறது கிட்டத்தட்ட முழுக்க ஜப்பான் மொழி. சைகோன்னு ஒரு ரொட்டிக்கடைக்காரன் சிப்பாயா வர்றான். அவன் எப்படியாவது பிழைச்சிரணும்னு கடைசி வரைக்கும் பதைபதைப்பா இருந்துச்சு. அந்தத் தளபதி குரிபயாஷி நிஜ ஆளா? இல்ல படத்துக்காக நல்லவர் ஆக்கிட்டாங்களா?

பழையரீல்:
நிஜ ஆள்தான். 1920கள் கடைசியில அமெரிக்காவுல இருந்தவர். அங்கேர்ந்து மகனுக்குப் படம் வரைஞ்சு கடிதம் போட்டிருக்கார். கடற்கரையில பதுங்குகுழி வெட்டுறதை விட்டுட்டு மலையைக் குடையச் சொல்றாரே, அதுவும் நடந்ததுதான். சுமார் 18 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே கந்தக நாத்தம், சூடு. குடிக்க மழைத்தண்ணிதான். "பான்சாய்"னு கத்திக்கிட்டு ஓடிப்போய்ச் சாகக் கூடாதுன்னு உத்தரவும் போட்டார். சில நாள்ல முடிச்சிரலாம்னு வந்த அமெரிக்கப் படைக்கு 1945 பிப்ரவரி 19லேர்ந்து மார்ச் 26 வரைக்கும் ஆச்சு. 20,000க்கும் மேல இருந்த ஜப்பானியர்ல சண்டை நடந்தப்போ உயிரோட பிடிபட்டவங்க 200 சொச்சம்தான்.

எனக்கு உறுத்துறது வேற. அதிகாரிங்கள்ல நமக்கு யாரைப் பிடிக்குதுன்னு பாருங்க. குரிபயாஷி, அப்புறம் நிஷி. நிஷி 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல குதிரையேற்றத்துல தங்கம் வாங்கினவர். ரெண்டு பேருமே அமெரிக்காவைப் பார்த்துப் பழகினவங்க. அந்தப் பழக்கம் இல்லாத 'இதோ'ங்கிற அதிகாரி மட்டும் வாளை உருவிக்கிட்டு நிக்கிறான். எதிரியை நேசிக்கிறதுக்கு ஈஸ்ட்வுட் வெச்ச நிபந்தனையோ! சைகோ இல்லேன்னா படம் எனக்குத் தேறியிருக்காது.

ஈப்போக்காரன்:
எங்க தாத்தாவ ஜப்பான்காரன் மலாயாவ ஆண்ட காலத்துல தோட்டத்துலேர்ந்து சயாம் ரயில் போடப் பிடிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வரல. பாட்டி இருந்தவரைக்கும் வீட்ல ஜப்பான் பேச்செடுத்தா எழுந்து போயிடும். ஆனாலும் இந்தப் படத்த முழுசா பார்த்தேன், கோவம் வரல. ஏன்னு யோசிச்சா, அந்தத் தீவுல நம்மள மாதிரி யாருமே இல்ல. ஊர்ச்சனத்த முன்னாடியே கப்பலேத்தி அனுப்பிடுறாங்க. மிச்சம் சிப்பாயும் சிப்பாயும்தான். ஜப்பான் சிப்பாய்ங்க ஊர்ச்சனத்துக்கிட்ட எப்படி நடந்துகிட்டாங்கன்னு காட்டவே தேவையில்லாம போச்சு. கொரியாக்காரங்களையும் வேலைக்குக் கொண்டுவந்து அங்க வெச்சிருந்தாங்க. படத்துல அவங்க எங்க?

ராத்திரிஷோ:
இந்தக் கோணம் எனக்குத் தோணவே இல்ல அண்ணே. நாய சுடச்சொல்ற காட்சிக்கே நான் கலங்கிட்டேன். ஊர்க்காரங்களும் இருக்கற மாதிரி, ஜப்பான் சிப்பாய் பக்கத்துலேர்ந்து எடுத்த படம் ஏதாவது இருக்கா?

பழையரீல்:
இருக்கு. கோன் இச்சிகாவா 1959ல எடுத்த 'நோபி'. பிலிப்பைன்ஸ் லெய்த்தே தீவுல பட்டினியா அலையற சிப்பாய் தமுரா. காலியா கிடக்கற ஊருக்குள்ள ஒரு பொண்ணு அலறுறா, இவன் சுட்டுடுறான். அதுக்கப்புறமும் கேமரா அவனைத்தான் தொடருது. நாமளும் அவன் கூடவே நடந்தாகணும். ஈப்போ அண்ணன் கேட்ட கேள்விக்கு இது பக்கத்துல வரும். ராத்திரி சாப்பிட்டுட்டு மட்டும் உட்காராதீங்க, அதுல "குரங்குக் கறி"ன்னு ஒண்ணு வரும்.