ஆறுதலாகப் பேசத் தெரியாதவன் அன்பை எப்படிக் காட்டுவது?

கேள்வி:
கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு என் வாழ்த்துகள். நான் அதிகம் பேசாதவன். சபையில் யாருக்காவது உதவி தேவை என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஆனால் உட்கார்ந்து ஆறுதலாக நாலு வார்த்தை பேச எனக்கு வராது. சென்ற ஆண்டு கணவரை இழந்த ஒரு தாயாருக்கு மருந்து வாங்கித் தருவது, மின்கட்டணம் கட்டுவது என்று இயன்றதைச் செய்து வருகிறேன். போன வாரம் ஒழுகிய குழாயைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது, "தம்பி, எல்லாம் செய்கிறீர்கள், ஒரு நாளாவது உட்கார மாட்டீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மனதை உறுத்துகிறது. நாவினால் அல்ல, கிரியையினால் அன்புகூர வேண்டும் என்று 1 யோவான் 3:18 சொல்வதைத்தான் நான் இதுவரை பற்றிக்கொண்டிருந்தேன். என் அன்பில் குறை இருக்கிறதா?

மறுமொழி 1:
சகோதரரே, யோவான் 11-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். லாசரு மரித்தபின் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே இயேசுவிடம் வந்து, "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்க மாட்டான்" என்று ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். மார்த்தாளுக்கு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிய வாக்குத்தத்தத்தைக் கொடுக்கிறார். மரியாள் காலில் விழுந்து அழும்போதோ உள்ளம் கலங்கிக் கண்ணீர் விடுகிறார். துக்கம் ஒன்றுதான், வீடும் ஒன்றுதான். ஆனாலும் ஒருத்திக்கு வார்த்தையும் மற்றவளுக்குக் கண்ணீரும் தேவைப்பட்டதை அவர் அறிந்திருந்தார். நமக்கு எளிதாக வரும் வழியிலேயே எல்லோருக்கும் அன்பு காட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று நாம் திரும்பிவிடுகிறோம். அந்தத் தாயார் உங்களைக் குறை சொல்லவில்லை. தமக்கு எது தேவை என்பதை வாய்திறந்து சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

மறுமொழி 2:
மேலே ஐயா சொன்னது சரியே. ஆனாலும் கைவேலையாகக் காட்டும் அன்பைத் தாழ்வாக எண்ணிவிட வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்திருந்தபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். அவர் மறுபடி உறங்கிய பின்னும் இரண்டாம் முறை வந்து அதையே செய்தான். ஓரேப் மலையில் கர்த்தர் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

மறுமொழி 3:
நானும் கணவரை இழந்தவள் என்பதால், அந்தத் தாயாரின் இடத்திலிருந்து எழுதுகிறேன். அடக்க ஆராதனை முடிந்த முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லாதவர் இல்லை. அதன்பின் வந்தவர்களும் என் கணவரின் பெயரைச் சொல்வதைக் கவனமாகத் தவிர்த்தார்கள். எனக்கு வேதனை வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வாழவே இல்லை என்பதுபோல் எனக்கு இருந்தது. ஒரு சகோதரி மட்டும் வரும்போதெல்லாம், "அவர் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். நான்தான் பேசுவேன். தம்பி, உங்களிடம் பேச்சுத்திறமையை யாரும் எதிர்பார்க்கவில்லை. யோபு எல்லாவற்றையும் இழந்து தவித்தபோது அவருடைய நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மா, உங்கள் பதிலைப் பலமுறை வாசித்தேன். நேற்று மாலை கருவிப்பெட்டி இல்லாமல் அவர் வீட்டுக்குப் போய், உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று மட்டும் சொன்னேன். கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல்தான் உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் அவர் கணவருடைய வேதாகமத்தை எடுத்து வந்தார். ஓரங்களில் எல்லாம் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன; கண்பார்வை குறைந்துவிட்டதால் அவற்றைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்றார். சங்கீதம் 23-இலிருந்து 34 வரை ஒவ்வொரு குறிப்பாக நான் வாசிக்க, அது எந்த ஆண்டில், எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மீதியை வாசிக்க வரும் சனிக்கிழமை போகிறேன்.