ஒரே சுவரில் சார்கோல், அக்ரிலிக், வீடியோ: எப்படிக் காட்சிக்கு வைப்பது?

ஈரமண்:
வறண்ட ஏரித் தரையில் தாளை விரித்து, வெடிப்புகளின் மேல் சார்கோலால் (வரையும் கரி) உரசி எடுத்த ஐந்து படங்கள் (ஃபிரேமோடு உயரம் 90 செ.மீ., அகலம் 60). அதே வெடிப்புகளை வைத்து வரைந்த இரண்டு அக்ரிலிக் கேன்வாஸ் (120 × 90). ஆறு நிமிட வீடியோ ஒன்று. குழுக் கண்காட்சியில் 9 மீட்டர் சுவர் கிடைத்திருக்கிறது, எதிரே ஜன்னல். எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் மாட்டுவது? ஃபிரேமுக்குக் கண்ணாடியா, அக்ரிலிக் (பிளாஸ்டிக்) ஷீட்டா? வீடியோவும் அதே சுவரில் வரலாமா? கலைஞர் குறிப்பில் என்ன எழுதுவது?

ரசமட்டம்:
படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ.க்குள் வரட்டும். 150 என்று வைத்துக்கொள்வோம். அளவு மாறும் படங்களில் மேல்விளிம்பை நேராக்கப் பார்க்காதீர்கள், நடுக்கோடுதான் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒற்றைக் கொக்கியில் தொங்கும் படம் கதவு அதிர்விலேயே சாய்ந்துவிடும். படத்துக்கு இரண்டு கொக்கி போடுங்கள். கொக்கி வரப்போகும் இரண்டு இடத்திலும் பின்புறக் கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அங்கிருந்து ஃபிரேமின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். 8 செ.மீ. வந்தால், 150 + 45 (ஃபிரேம் உயரத்தில் பாதி) − 8 = 187. அது கொக்கியின் அடிவளைவு நிற்க வேண்டிய உயரம், ஆணி இறங்கும் துளையின் உயரம் அல்ல. இரண்டு வகைக் கொக்கிகளைக் கலந்து, துளையை மட்டும் பார்த்து அடித்தால் வரிசையில் ஒரு படம் தாழ்ந்து நிற்கும்.

இடைவெளிக் கணக்கு: ஏழு படங்களின் மொத்த அகலம் 480. சுவரின் இரு ஓரமும் 60 விட்டால் மீதி 300, நடுவில் ஆறு இடைவெளி, ஆளுக்கு 50 செ.மீ.

அரைவெளிச்சம்:
கணக்கு சரி. ஆனால் இந்தப் படைப்புகளுக்குச் சம இடைவெளி பொருந்தாது என்பது என் கருத்து. உராய்வுகள் எல்லாம் ஒரே தரையின் துண்டுகள். அவற்றை நெருக்கி, 20 செ.மீ. விட்டு வைத்தால்தான் வெடிப்பு ஒரு தாளிலிருந்து அடுத்ததற்கு ஓடுவதுபோல் கண் தொடரும். நான்கை மட்டும் சுவரில் மாட்டுங்கள்: 240 + 60 = 300. கேன்வாஸ் இரண்டும் நடுவில் 60 விட்டு 240. இரண்டு கூட்டத்துக்கும் இடையே 180 வெறும் சுவர், ஓரங்களில் 90. மொத்தம் 900.

ஐந்தாவதை ஃபிரேம் போடாமல் 45 செ.மீ. உயர மேடையில் படுக்கையாக வையுங்கள். குனிந்து, தரையைப் பார்த்து உருவான படம் அது. பார்ப்பவரும் ஒருமுறையாவது குனிந்து பார்க்கட்டும். சுவரிலிருந்து 120 செ.மீ. தள்ளி வைத்தால் சுற்றி நடக்கலாம்.

படத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் படைப்பின் பகுதிதான். 1961இல் லண்டன் வைட்சாப்பல் கேலரியில் நடந்த கண்காட்சிக்கு அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ கொடுத்த குறிப்புகளில், பெரிய ஓவியங்கள் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார். 150 செ.மீ. விதி அங்கே செல்லாது.

கரித்தூள்:
சார்கோலுக்குக் கண்ணாடிதான். சாதாரண அக்ரிலிக் ஷீட்டைத் துடைத்தாலே நிலைமின்சாரம் ஏறி, தாளிலுள்ள தூளை இழுத்துக்கொள்ளும். உராய்வுப் படத்தில் முதலில் போவது மெல்லிய சாம்பல் நிறங்கள்தான். கண்ணாடி தாளைத் தொடாதபடி உள்ளே 6 மி.மீ. பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஃபிக்சேட்டிவ் (தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரே) அடிப்பதானால் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரேயடியாக நனைத்தால் சாம்பல் எல்லாம் கறுத்துப்போகும்.

ஜன்னலுக்குக் கெட்டியான திரை கட்டாயம். இல்லாவிட்டால் கண்ணாடியில் தெரிவது ஜன்னல்தான். விளக்கு செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் விழட்டும். அதைவிடச் செங்குத்தாக விழுந்தால் ஃபிரேமின் நிழல் படத்தின் தலையில் விழும். தாளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), அக்ரிலிக்குக்கு 150 முதல் 200. இரண்டும் ஒட்டியிருந்தால் தாள் இருண்டு தெரியும். மேலே சொன்ன 180 செ.மீ. வெறும் சுவர் இதற்கும் உதவும், கண் பழகிக்கொள்ளும்.

கரி மங்காது, தாள் மஞ்சளாகும். வண்ணத்தின் கதை வேறு. ஹார்வர்டில் 1964இல் மாட்டிய ராத்கோவின் சுவரோவியங்களில் இருந்த லித்தால் ரெட் நிறமி பகல் வெளிச்சத்தில் மங்கி, 1979இல் அவற்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2014இல் மங்கிய நிறத்தை புரொஜெக்டர் ஒளியால் ஈடுகட்டித்தான் காட்டினார்கள்.

கேன்வாஸைக் கொண்டுபோகும்போது பபிள் ராப் நேராக ஓவியத்தின் முகப்பில் படக்கூடாது. வெயிலில் அக்ரிலிக் இளகி, வட்ட வட்டமாகத் தழும்பு விழும், அது போகவே போகாது. முதலில் சிலிகோன் பூசிய தாள், மூலைகளுக்கு அட்டை, அதன் மேல் பபிள் ராப்.

ஆறுநிமிடம்:
வீடியோவை அந்தச் சுவரில் போடாதீர்கள். புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டும், கேன்வாஸுக்கு வெளிச்சம் வேண்டும். பக்கச் சுவரில் 32 அங்குல மானிட்டரும் ஹெட்போனும் போதும். மின்சாரம் வந்ததும் தானே ஓடி, தானே திரும்பத் தொடங்கும் பிளேயராகப் பார்த்து எடுங்கள். முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிச் சொருகிச் சோதித்துவிடுங்கள். கோப்பின் நகல் இன்னொரு பென்டிரைவில் இருக்கட்டும்.

குறிப்பு 120 சொல்லுக்கு மேல் வேண்டாம். ‘இருப்புக்கும் இன்மைக்குமான உரையாடல்’ என்று தொடங்கினால் யார் படத்துக்கும் பொருந்தும். ‘ஏரித் தரையில் தாளை விரித்து, சார்கோலைப் படுக்கவைத்து உரசினேன்’ என்று தொடங்குங்கள். எதை, எதன்மேல், எப்படிச் செய்தீர்கள் என்பதே முதல் வரி. பெயர் அட்டையில் தலைப்பு, ஆண்டு, ‘தாளில் சார்கோல் உராய்வு’, பிறகு அளவு. உயரம் முதலில், அகலம் அடுத்து.

ஈரமண்:
மேடையில் கிடத்தும் படத்துக்கு வெறும் கண்ணாடி போதுமா? மேல்விளக்கு அதில் தெரியாதா?

கரித்தூள்:
தெரியும். அதனால் மேடைக்கு நேர்மேலே விளக்கு வேண்டாம், பக்கத்திலிருந்து தாழ்ந்த கோணத்தில் ஒன்று போதும். கண்ணாடி 5 மி.மீ. இருக்கட்டும், அதற்கும் தாளுக்கும் நடுவே நான்கு பக்கமும் 10 மி.மீ. பட்டை வையுங்கள். படுக்கைவாக்கில் கண்ணாடி நடுவில் லேசாகத் தொய்யும், கையூன்றிப் பார்ப்பவர்களும் உண்டு. விளிம்பைத் தேய்த்து வாங்குங்கள்.