விசா மறுத்தால் கோர்ட்டுக்குப் போக முடியுமா? அமெரிக்க அனுபவங்கள்

நியூ ஜெர்சியிலிருந்து:

நான் அமெரிக்கக் குடிமகள். கணவரை அழைத்துக்கொள்ளப் போட்ட ஐ-130 என்ற குடும்ப மனு இங்கே அப்ரூவ் ஆகிவிட்டது. ஆனால் தூதரக நேர்காணலில் அவர் கையில் கொடுத்தது ஒரே ஒரு தாள். பொய்த் தகவல் தந்தார் என்கிற சட்டப் பிரிவில் டிக் போட்டிருந்தது. எந்தத் தகவல், எந்த விண்ணப்பத்தில், ஒரு வரியும் இல்லை.

கேஸ் போடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். முன்யோஸ் என்ற பெண்ணின் வழக்கில் 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துக் காட்டினார். அந்தப் பெண்ணும் குடிமகள்தான். கணவர் எல் சால்வடார்காரர். விசா ஏன் மறுக்கப்பட்டது என்பதே வழக்குப் போட்ட பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது: உடம்பில் இருந்த பச்சையையும் சேர்த்துப் பார்த்து, குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். 6-3 என்று அந்தப் பெண் தோற்றார். கணவரை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமகளின் அடிப்படை உரிமை இல்லையாம். நீதிபதி சோடோமயோர் கடுமையாக மாறுபட்டு எழுதியிருக்கிறார். என் மனசு அவர் பக்கம்தான். யாரோடு வாழ்வது என்பதை ஒரு அதிகாரி காரணம் சொல்லாமல் முடிவு செய்வது அநியாயம்.

சரி, மிச்சம் என்ன வழி? மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் புது ஆதாரம் கொடுத்தால், அது மறுப்புக்கான காரணத்தைத் தகர்க்கக்கூடியதாக இருந்தால், தூதரகம் மறுபரிசீலனை செய்தே ஆகவேண்டும். என் கணவருடைய பழைய டூரிஸ்ட் விசா விண்ணப்பம் முதல் எல்லாவற்றையும் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறோம். அதுவும் நடக்காவிட்டால் ஐ-601 மன்னிப்பு மனு போடுவோம்.

டல்லாஸிலிருந்து:

அக்கா, எங்கள் கதை வேறு. அம்மாவுக்கு 221(ஜி) தாள், அதாவது இன்னும் ஆவணமோ பரிசோதனையோ தேவை என்று விசாவை நிறுத்திவைக்கும் தாள், கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் சத்தமே இல்லை. எந்த மெயிலுக்கும் ஒரே ரெடிமேட் பதில். கடைசியில் ஃபெடரல் கோர்ட்டில் மேண்டமஸ் (அதிகாரி தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரும் வழக்கு) போட்டோம். 'விசா கொடு' என்று கேட்கவில்லை, 'ஏதோ ஒரு முடிவைச் சொல்லு' என்று மட்டும்தான் கேட்டோம். அரசு பதில் தர 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆனால் 221(ஜி)யே மறுப்புதான் என்று அரசு இப்போது வாதிடுகிறது. சில நீதிமன்றங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. அதனால் கேஸ் போடுமுன் உங்கள் ஊர் நீதிமன்றம் எந்தப் பக்கம் என்று வக்கீலிடம் கேளுங்கள். அப்புறம், நேர்காணலுக்குப் போகிறவர்கள் வெளியே வந்ததும் அதிகாரி கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் அப்படியே எழுதி வையுங்கள். அக்காவுக்கு வந்த மாதிரித் தாள் வந்தால், வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.