லென்ஸைச் சட்டென்று எடுக்க எந்தக் கமராப் பை? ஆடிவேலுக்கு முன் முடிவெடுக்க வேண்டும்

வேலும் வெளிச்சமும்:
வணக்கம். வீடு கொழும்பு வெள்ளவத்தையில். கையில் இருப்பவை கெனன் 6டி மார்க் 2 கமராவும் மூன்று லென்ஸும்: அகலமாகக் காட்டும் 16-35 எஃப்4, தூரத்தைக் கிட்டக் காட்டும் 70-200 எஃப்4 ஐ.எஸ். (கையசைவைச் சமாளிப்பது) முதல் பதிப்பு, 50 எஃப்1.8. மூன்று வருடமாக ஒரு முதுகுப்பையில்தான் எல்லாம் போகின்றன. பாதுகாப்பில் அதைக் குறை சொல்ல மாட்டேன், இதுவரை ஒரு கீறல் கூட விழவில்லை. ஆனால் அது முதுகுப் பக்கமாகத் திறக்கும் பை. லென்ஸ் மாற்ற வேண்டுமானால் கழற்றிக் கீழே படுக்கவைத்து, மூன்று பக்கமும் ஸிப்பை இழுக்க வேண்டும்.

போன ஆடிவேல் தேர்த் திருவிழாவுக்குப் பம்பலப்பிட்டியில், காலி நகருக்குப் போகும் காலி வீதியோரம் நின்றேன். தேர் தூரத்தில் வரும்போது 70-200 போதுமாக இருந்தது. பேரனைத் தோளில் ஏற்றி வைத்திருந்த ஒரு பெரியவரை முன்பே பார்த்து வைத்திருந்தேன். தேர் அவரருகே வரும்போது 16-35க்கு மாறினால் பிள்ளையின் கையும் தேரும் ஒரே படத்தில் வரும். பையை வைக்க இடம் பார்த்தால், வீதியெல்லாம் சிதறு தேங்காய் உடைத்த தண்ணீர். ஒரு கடைப்படியைத் தேடிப்போய் மாற்றிக்கொண்டு திரும்பினேன். தேர் கடந்துவிட்டது. பெரியவரையும் காணவில்லை.

இந்த முறை அப்படி விடக்கூடாது. குறுக்கே போடும் ஸ்லிங் பையா, தோள்பையா? 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலில் ஏறி இறங்குபவன் என்பதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

தெகிவளைச் சந்தி:
ஸ்லிங்தான் என் தெரிவு. முதுகில் கிடப்பதை ஓர் இழுப்பில் நெஞ்சுக்கு முன் கொண்டுவரலாம், பை நிலத்தைத் தொடவே தேவையில்லை. பஸ்ஸிலும் முன்னால் அணைத்துக்கொண்டு நிற்கலாம். திறந்த பை வயிற்றுக்கு முன் ஒரு சிறு மேசை போல நிற்கும்.

ஆனால் 70-200ஐக் கவனியுங்கள். சிறிய ஸ்லிங் பைகளில் அது நிமிர்ந்து நிற்காது, படுத்துத்தான் கிடக்கும். படுத்தால் இரண்டு லென்ஸின் இடத்தைப் பிடிக்கும். பீக் டிசைன் போன்ற நிறுவனங்கள் ஒரே பையை 6 லீற்றர், 10 லீற்றர் என்று தருகின்றன. உங்கள் சாமான்களுக்குச் சிறியது சரிவராது. உங்களுடைய லென்ஸ் 17.2 செ.மீ. நீளம், இரண்டு பக்க மூடியோடு 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டு பையின் உள்ளாழத்தை அளந்து வாங்குங்கள். வெளி அளவு மட்டும் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம், ஸ்பொஞ்சு நிறைய இடத்தைத் தின்றுவிடும்.

கறுப்பு வெள்ளை:
தம்பி, பத்திரிகையில் பல வருடம் படம் எடுத்தவன் நான். நீங்கள் பையைக் கேட்கிறீர்கள், ஆனால் உங்களைத் தாமதப்படுத்தியதில் பாதிதான் பையின் குற்றம். உங்கள் முதுகுப்பையில் ஓர் அறையாவது காலியாக இருந்ததா? இருந்திருக்காது. எல்லோரும் அறைகளை நிரப்பித்தான் வைப்போம். கழற்றிய லென்ஸை எங்கே வைப்பது? ஒரு கையில் கழற்றியது, மறு கையில் மாட்ட வேண்டியது, கமரா வாய் திறந்தபடி. மூன்றாவது கைக்கு எங்கே போவது?

பையில் எப்போதும் ஓர் அறை காலியாக இருக்க வேண்டும். லென்ஸ்கள் எல்லாம் பின்பக்கம் மேலே பார்த்து நிற்க வேண்டும். மாற்றும்போது கமராவை நிறுத்திவிட்டு, முகம் கீழே பார்க்கக் கழுத்தில் தொங்கவிடுங்கள். அடுத்து மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியைப் பைக்குள்ளேயே திருகித் தளர்த்தி, அதன்மேல் சும்மா உட்காரவிடுங்கள். இப்போது கமராவில் இருப்பதைக் கழற்றிக் காலி அறையில் இறக்குங்கள். தளர்த்திய மூடியை எடுத்து இறக்கிய லென்ஸின் தலையில் வையுங்கள். புதியதை எடுத்து, அதிலும் கமராவிலும் உள்ள சிவப்புப் புள்ளிகளை ஒத்துப் பிடித்து மாட்டுங்கள். ஒரே ஒரு மூடிதான் இடம் மாறுகிறது. சட்டைப்பைக்குள் மூடி தேடும் வேலை இல்லை, கமரா திறந்திருக்கும் நேரமும் சில விநாடிதான்.

பை என்று கேட்டால் நான் தோள்பைப் பக்கம். ஜிம் டொம்கே என்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பிலடெல்பியா இன்குவைரரில் வேலை செய்தபோது, 1970களில், தனக்காக உருவாக்கிய கன்வஸ் பையின் வழியில்தான் இன்றைக்கும் நிறைய தோள்பைகள் வருகின்றன. அதிகம் பஞ்சு வைக்காமல் இடுப்போடு ஒட்டிக்கிடக்கும். நெரிசலில் அந்த ஒட்டுதல் பெரிய விடயம்.

மணமேடை:
ஐயா சொன்ன முறையைக் கல்யாண வீடுகளில் தினமும் செய்கிறேன். அதோடு மூன்று விடயம் சொல்ல வேண்டும்.

பையின் மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் திறந்தால் கை நேரே லென்ஸில் போய் நிற்கும். உடம்பை நோக்கித் திறந்தால் அந்த மூடியே கைக்கும் லென்ஸுக்கும் நடுவில் சுவர். கடையில் பார்க்கும்போது இது தெரியாது, தோளில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் கமராவையும் லென்ஸையும் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பாருங்கள்.

வெல்க்ரோ. தாலி கட்டும் நேரத்தில் அந்தச் சர்ர் சத்தம் எழுந்தால் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும். திங்க் டேங்கின் ரெட்ரோஸ்பெக்டிவ் பைகளில் வெல்க்ரோவை மூடிவைக்க மடிப்பு இருக்கிறது. மற்றப் பைகளுக்கு நானே துணி வெட்டி ஒட்டிக்கொள்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியம். போன வருடப் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.இல் எடுக்கப்பட்டது என்று எண்ணுங்கள். தொடாத லென்ஸ் ஒன்று இருந்தால் அது வீட்டில் இருக்கட்டும். காலி அறை தானாகவே கிடைத்துவிடும். நான் இடுப்புப் பட்டியில் தனித்தனி உறைகள் கோத்துக்கொள்கிறேன், தோளில் பாரமே இல்லை. அதையும் யோசியுங்கள்.

கறுப்பு வெள்ளை:
மகள், மண்டபத்துக்கு இடுப்புப் பட்டி சரி. தேர்க் கூட்டத்தில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் உறை ஆளுக்காள் இடிபடும், பின்னால் ஒரு கை நுழைந்தாலும் தெரியாது. இங்கே அதை நான் சொல்ல மாட்டேன்.

மணமேடை:
உண்மைதான் ஐயா. ஆடிவேலில் நான் படம் எடுத்ததில்லை. இந்த இடத்துக்கு உங்கள் பேச்சையே எடுக்கட்டும்.

வேலும் வெளிச்சமும்:
எண்ணிப் பார்த்தேன் அக்கா. மொத்தம் 412 படம். 50இல் எடுத்தவை ஒன்பதே ஒன்பது. வீட்டில் விட்டுவிடலாம் என்று எழுத வந்தேன், பிறகு அந்த ஒன்பதையும் திறந்து பார்த்தேன். எல்லாம் விளக்கு ஏற்றிய பிறகு எடுத்தவை. கற்பூரத் தட்டின் வெளிச்சம் முகங்களில் விழும் படங்கள். போன வருடம் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தவையும் அவைதான். எஃப்4 லென்ஸ் இரண்டும் 50ஐவிடக் குறைந்த வெளிச்சத்தையே உள்ளே விடுவதால் அந்த இருட்டில் தடுமாறுகின்றன. என்ன செய்யட்டும்?

கறுப்பு வெள்ளை:
கொண்டுபோங்கள். அதன் பாரம் 160 கிராம்தானே. இருட்டும்வரை அது தேவையில்லை, ஆகவே அறை கொடுக்க வேண்டாம். துணியில் சுற்றி முன்பக்கப் பையில் போடுங்கள். இருட்டியதும் 70-200 ஓய்வெடுக்கட்டும், அதன் அறைக்குப் பக்கத்தில் 50 வரட்டும். எந்த நேரத்திலும் பையில் கைக்கெட்ட ஒரு லென்ஸ், ஒரு காலி இடம். அவ்வளவுதான்.

தெகிவளைச் சந்தி:
பாரத்தைக் கூட்டிப் பார்த்தேன்: கமரா 765, 16-35 615, 70-200 760, 50 160. மொத்தம் 2300 கிராம். பையின் பாரமும் சேரும், ஆகவே ஒற்றைத் தோளுக்குப் பட்டி அகலமாக இருக்கட்டும். தோளில் நேராகத் தொங்கவிடாமல் குறுக்கே போடுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்ததும் லென்ஸ்களைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் கடற்காற்றில் ஈரமான பஞ்சுக்குள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். என் பழைய 35 மி.மீ. லென்ஸுக்கு அதுதான் நடந்தது. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், முடிந்தால் ஈரப்பதமானி. 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்கட்டும். பையை மூடி திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள்.

வேலும் வெளிச்சமும்:
பத்து நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். பாவித்த தோள்பை ஒன்று வாங்கினேன். உள்ளாழம் 21 செ.மீ., மூடி வெளிப்பக்கம் திறக்கிறது. நான்கு அறை இருந்தது, ஒரு தடுப்பை எடுத்துவிட்டு மூன்றாக்கினேன். ஒன்றில் 70-200, ஒன்றில் 16-35 மாட்டிய கமரா, நடுவில் காலி.

தினமும் இரவு வீட்டில் நின்றபடி, பையைப் பார்க்காமல் இருபது தடவை மாற்றினேன். முதல் நாள் 31 விநாடி. நேற்று 12. லென்ஸின் பின்மூடியைத் தளர்த்தி வைப்பதில்தான் கை பழகப் பிந்தியது. ஞாயிறு மாலை காலிமுகத்திடலில் பட்டம் விடும் கூட்டத்துக்குள் நின்றும் பார்த்தேன். கடற்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மாற்றினால் காற்றில் வரும் தூவானம் கமராவுக்குள் போகவில்லை.

ஒரே குறை, 70-200க்கு வெயில் மறைப்பை (லென்ஸ் முனையில் மாட்டும் குழாய்) திருப்பி மாட்டினால் அறை இறுகுகிறது, இழுத்தால் தடுப்பும் கூடவே வருகிறது.

கறுப்பு வெள்ளை:
மறைப்பைத் தனியாகக் கழற்றி, முன்பக்கப் பையில் சுற்றி வைத்த 50ஐ அதற்குள் வையுங்கள் தம்பி. இரண்டுக்கும் ஒரே இடம் போதும்.

வேலும் வெளிச்சமும்:
இப்போதே வைத்துப் பார்த்தேன் ஐயா. சரியாக உட்காருகிறது.