ஆர்ட் கார்டில் சீல் பதித்த வாழ்த்து காயவே மாட்டேன் என்கிறது, எழுத்தும் திட்டுத்திட்டாக விழுகிறது: உதவி தேவை

குமுளி கைவினை

வணக்கம். குமுளியில் எங்கள் அயல்கூட்டத்துப் (அக்கம்பக்கத்துப் பெண்களின் சுயஉதவிக் குழு) பெண்கள் சிலர் சேர்ந்து கையால் வாழ்த்து அட்டை செய்கிறோம். ஓணத்துக்கு மலையாளத்தில், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கலுக்குத் தமிழில் கொடுக்கலாம் என்று எண்ணம். பூ, ரிப்பன், ஜிகினா எதுவும் கிடையாது. நடுவில் ஒரே ஒரு வரி, அதுவும் சீலில் பதித்தது, சுற்றிலும் வெறும் அட்டை. அந்த எளிமைதான் எங்களுக்குப் பிடித்தது. அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

கம்பத்தில் "என்றும் அன்புடன்" என்று பாலிமர் சீல் ஒன்று செய்து வாங்கினோம். அட்டை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் பளபளப்பு. மை, ஆபீஸ்களில் இருக்கும் சாதாரண ஊதா ஸ்டாம்ப் பேட்.

காலையில் பதித்ததை மறுநாள் தொட்டாலும் விரலில் ஊதா ஒட்டுகிறது. கவரில் போட்டால் கவரின் உள்பக்கமும் கறை. எழுத்தின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் மை கட்டி. புள்ளிகளும் ன, ற சுழிகளும் அடைத்துக்கொள்கின்றன. அட்டையை மடித்தால் மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. இந்த அட்டை ஒரு கட்டு வாங்கி வைத்தாயிற்று, ஓணமும் நெருங்குகிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டிப்பெரியார் தம்பி

அக்கா, பதித்தவுடன் ஹேர் ஸ்பிரே அடித்துப் பாருங்கள், மை நிற்கும். பென்சில் ஓவியத்துக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

கம்பம் சீல் கடை

தம்பி சொன்னதைச் செய்ய வேண்டாம். பென்சில் கரிக்கு ஸ்பிரே சரி. ஆனால் ஊதா ஸ்டாம்ப் மை சாயம். ஸ்பிரேயில் ஆல்கஹால் இருக்கும், அது சாயத்தைக் கரைத்து எழுத்தைச் சுற்றிப் படர விட்டுவிடும்.

சீல் செய்வதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆபீஸ் பேடில் இருக்கும் மையில் சாயம், தண்ணீர், கிளிசரின் மாதிரியான பொருட்கள் இருக்கும். பேடைத் திறந்து வைத்தாலும் உலரக்கூடாது என்பதற்காகத்தான் கிளிசரின். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த மை ஆவியாகிக் காய்வதை விட, தாளுக்குள் இறங்கித்தான் காயும். பதிவேட்டுத் தாளிலும் ரசீதிலும் உடனே காய்ந்த மாதிரி தெரிவது அதனால்தான். ஆர்ட் கார்டின் மேல் களிமண் பூச்சு போட்டு வழவழப்பாக்கியிருப்பார்கள். மை உள்ளே இறங்க வழியில்லை, மேலேயே நிற்கும். போதாததற்கு நீங்கள் இருப்பது மலைக்கு மேலே. ஆடி முழுக்க அங்கே மழையும் மஞ்சும். கீழே கம்பத்தில் மேற்கு மலை மழையைத் தடுத்துவிடுவதால் காற்று காய்ந்து வீசும், இதே அட்டையில் மை கொஞ்சம் சீக்கிரம் இறுகும். அங்கேயும் தேய்த்தால் கையோடு வரத்தான் செய்யும்.

ஆக, கோளாறு சீலில் இல்லை. மையும் அட்டையும் சேராத ஜோடி. ஒன்றை மாற்ற வேண்டும்.

மையை மாற்றுவதென்றால் பிளாஸ்டிக், உலோகம், போட்டோ இவற்றில் பதிக்கும் உடனே உலரும் மை கிடைக்கும். பளபளப்பு அட்டையில் நன்றாக நிற்கும். ஆனால் அது கரைப்பான் மை. பாலிமர் சீலில் நெடுநேரம் விட்டால் சீல் உப்பும், பிசுபிசுக்கும். பதித்த கையோடு துடைக்க வேண்டும். அந்த மையைத் தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் லேசரில் வெட்டிய ரப்பர் சீல் வாங்குவது நல்லது.

குமுளி கைவினை

ரொம்ப நன்றி அண்ணே. இவ்வளவு நாள் சீலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வாங்கி வைத்த ஆர்ட் கார்டை என்ன செய்வது? வீணாக்க முடியாது.

உத்தமபாளையம் ஓவிய டீச்சர்

வீணாக்கவே வேண்டாம் அம்மா. ஆர்ட் கார்டில் நேராகப் பதிக்காதீர்கள், அவ்வளவுதான். பூச்சில்லாத தடித்த தாளில் வரியைத் தனியாகப் பதித்து, காய்ந்ததும் வெட்டி, ஆர்ட் கார்டின் நடுவில் ஒட்டுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் டிராயிங் ஷீட்டே போதும். கையால் செய்த தாள் கிடைத்தால் இன்னும் அழகு, ஆனால் சொரசொரப்பு அதிகமானால் மெல்லிய எழுத்து உடைந்து விழும். பதிவு கோணிவிட்டால் சின்னத் துண்டு ஒன்றுதான் போகும், முழு அட்டை தப்பிக்கும். பளபளப்பின் நடுவே மங்கலான தாளில் வரி நிற்கும்போது கண் நேராக அங்கே போகிறது, நீங்கள் விரும்பும் எளிமையும் கெடாது. ஒரு வரி மட்டும் இருக்கும் அட்டையை வாங்குகிறவர் அந்த வரியை நிதானமாகப் படிப்பார். அதனால் அந்தப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்.

துண்டைச் சரியாக நடுவில் வைத்தால் சற்றுக் கீழே இறங்கின மாதிரி தெரியும். ஒரு நூல் மேலே ஏற்றி ஒட்டிப் பாருங்கள். வெள்ளைப் பசையைத் துண்டு முழுக்கத் தடவினால் தாள் சுருங்கும். இருபக்க டேப் நல்லது.

இனி திட்டு விழுவது. புது பாலிமர் சீலின் முகம் வழவழவென்று இருக்கும், மை முத்து முத்தாக ஒதுங்கும். பென்சில் அழிக்கும் சாதா ரப்பரால் முகத்தை லேசாகத் தேய்த்துவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், புள்ளி தேய்ந்துவிடும். சீலைப் பேடில் அழுத்துவதை விட, சீலைக் கவிழ்க்காமல் மேலே பார்த்தபடி வைத்து, பேடால் அதன் மேல் மெல்லத் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள். அழுத்தினால்தான் ஓரத்தில் கட்டி நிற்கிறது, சுழியும் அடைக்கிறது. தாளுக்கு அடியில் மவுஸ் பேடோ நாலைந்து மடிப்பு செய்தித்தாளோ வைத்து, நேராக இறக்கி, ஆட்டாமல் நேராக எடுக்க வேண்டும். ஓரத்தை உருட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அதில்தான் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். அடைத்த சுழியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் எடுத்துவிடும்.

கம்பம் சீல் கடை

டீச்சர் சொன்னதோடு ஒன்று. பாலிமர் சீல் செய்யும்போது நெகட்டிவ் (எழுத்து மட்டும் ஒளி விடும் பிலிம்) வழியாக ஒளி பட்ட இடம் இறுகும், படாத இடத்தைக் கழுவி எடுப்போம். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் இடைவெளி குறுகலாக இருந்தால் அங்கேயும் கொஞ்சம் இறுகிப்போகும், கழுவினாலும் பள்ளம் ஆழமாக விழாது. அடுத்த சீல் சொல்லும்போது எழுத்து 6 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல், சுழி அகலமாக உள்ள எழுத்துருவில், புள்ளியைச் சற்றுத் தள்ளிப் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள். பிலிம் எடுக்கும் முன் தாளில் அச்சடித்துக் காட்டச் சொல்லி வாங்கிப் பாருங்கள். ஓண வாழ்த்து செய்யும்போது இது இன்னும் முக்கியம். மலையாள எழுத்தில் வளைவு அதிகம், கூட்டெழுத்து இன்னும் நெருக்கமாக இருக்கும். வரியை மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே சீல் போடச் சொல்லுங்கள்.

தென்காசி பைண்டர்

மடிப்பு வெடிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, மடிப்புக் கோடு அந்தப் போக்கில் வர வேண்டும். அப்புறம், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்டீல் ஸ்கேல் வைத்து முதலில் கோடு அழுத்துங்கள். கோட்டின் பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம், புடைப்பு உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 300 ஜிஎஸ்எம் பூச்சு அட்டையைக் கோடு போடாமல் மடித்தால் வெடிக்கத்தான் செய்யும்.

பாலக்காட்டு அக்கா

எனக்குப் பளபளப்பு அட்டையிலேயே நேராகப் பதிக்க வேண்டியிருந்தது. நான் செய்வது எம்பாசிங் பவுடர். சீக்கிரம் உலராத பிக்மென்ட் மையில் (சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத்தூள் கலந்த மை) பதித்து, ஈரமாக இருக்கும்போதே பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினால் உருகி மேடாக நிற்கும். தொட்டால் ஒட்டாது. ஹேர் டிரையர் போதாது: பவுடரை ஊதித் தள்ளுமே தவிர உருக்காது. ஹீட் கன் (கடும் சூட்டுக் காற்று வீசும் கருவி) இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டுக்கு நேரே அட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து உருக்கலாம், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டையில் ஈரம் ஏறியிருந்தால் பவுடர் கண்ட இடத்தில் ஒட்டும். பதிக்கும் முன் கொஞ்சம் முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டு அட்டையைத் துடையுங்கள்.

குமுளி கைவினை

டீச்சர் சொன்னபடி டிராயிங் ஷீட் துண்டில் பதித்தோம். மை உடனே உள்ளே போய்விட்டது, விரலில் ஒட்டவில்லை. தட்டி ஏற்றியதில் ன் புள்ளி தனியாகத் தெரிகிறது! கூட்டத்தில் எல்லோருக்கும் அத்தனை சந்தோஷம். பைண்டர் அண்ணன் சொன்ன கோடும் போட்டுப் பார்த்தோம், மடிப்பு சுத்தமாக வருகிறது. மலையாள சீலுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டோம்.

இன்னும் ஒன்றிரண்டு. ஊதா நிறம் வெயிலில் வெளுக்குமா? கவர் பசை மழை ஈரத்தில் தானே ஒட்டிக்கொள்கிறது, அதற்கு என்ன செய்வது? தபாலில் எடை கூடுமா?

கம்பம் சீல் கடை

வெளுக்கும். சாய மை வெயிலுக்கு நிற்காது, தண்ணீர் பட்டாலும் கலங்கும். கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்பார்கள் என்று தோன்றினால் பிக்மென்ட் மை வாங்குங்கள். டிராயிங் ஷீட்டில் அது காய நேரமெடுக்கும், ஆனால் நிறம் நிற்கும். ஊதாவை விடக் கருப்போ கரும்பழுப்போ வாழ்த்துக்குப் பொருத்தம். ஊதா ஆபீஸ் முத்திரையை நினைவுபடுத்தும்.

உத்தமபாளையம் ஓவிய டீச்சர்

கவர் மடலுக்கு அடியில் பட்டர் பேப்பர் துண்டு ஒன்று செருகி, கட்டாகக் கட்டி, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். முடிந்தால் பசையில்லாத கவர் வாங்கி, அனுப்பும்போது நீங்களே ஒட்டுவது இன்னும் நல்லது.

தென்காசி பைண்டர்

ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தால் 300 ஜிஎஸ்எம்மில் சுமார் 9 கிராம். கவரும் ஒட்டிய துண்டும் சேர்ந்தாலும் கடிதத்துக்கான முதல் 20 கிராமுக்குள் அடங்கும். மடித்த அட்டை 105க்கு 148 மி.மீ. வரும், அதற்கு 114க்கு 162 மி.மீ. கவர் கேளுங்கள். துண்டை ஃபோம் டேப்பில் தூக்கி ஒட்டாதீர்கள். தபாலில் மற்ற கட்டுகளின் அடியில் நசுங்கி, சுற்றிலும் அட்டையில் தடம் விழுந்துவிடும்.