புதுப்பிப்பு: நீராவிக் கலனின் முனைத்தட்டைத் தள்ளும் விசை

கிடையாக வைக்கப்பட்ட, 1 மீட்டர் விட்டமுள்ள உருளைக் கலனில் பாதியளவு நீரும், அதன்மேல் அழுத்தமானி 10 பார் காட்டும் நீராவியும் இருக்கையில், தட்டையான முனைத்தட்டைத் தள்ளும் நிகர விசை 864 கிலோநியூட்டன் என்று கணக்கிட்டு, அது சரியா என்று முன்பு கேட்டிருந்தேன். அது தவறு. வெளியிலிருந்து வளிமண்டலம் எதிர்த்துத் தள்ளுவதை மறந்து, அழுத்தமானி காட்டும் 10 பாருடன் வளிமண்டலத்தின் 1 பாரையும் சேர்த்த 11 பார் என்னும் தனி அழுத்தத்தையே பரப்பால் பெருக்கியிருக்கிறேன். 0.785 சதுர மீட்டரை 10 பாரால் பெருக்கினால் கிடைப்பது 785 கிலோநியூட்டன். ஏறத்தாழ 80 டன் எடைக்குச் சமம்.

நீரின் பங்கையும் சேர்த்துப் பார்த்தேன். சுமார் 184 டிகிரி செல்சியஸில் நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 880 கிலோகிராமாகக் குறைந்துவிடுவதால், நனைந்த அரைவட்டத்தின் மீது அதன் ஆழம் கூடுதலாகத் தரும் விசை சுமார் 720 நியூட்டன்தான். மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்காகவா அவ்வளவு நேரம் தொகையீடு செய்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

வளைந்த சுவருக்கு, வளைபரப்பை அல்லாமல் அதன் நேர்வீழல் பரப்பையே, அதாவது விசையின் திசையில் பார்த்தால் தெரியும் தட்டையான பரப்பையே, எடுக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள சுவரில் சுற்றுவாட்டத் தகைவு (சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும், ஓரலகு பரப்புக்கான விசை) 50 மெகாபாஸ்கல், நீளவாட்டத்தில் அதில் பாதி. கலன் மூடியபடியே குளிர்ந்து நீராவி நீராக ஒடுங்கி உள்ளே ஏறத்தாழ வெற்றிடம் உண்டானால், விசை உள்நோக்கித் திரும்பி, முனைத்தட்டில் ஏறக்குறைய 80 கிலோநியூட்டன் வரை எட்டக்கூடும் என்பதை முதல் கணக்கில் நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.