300 எம்பி சிங்களப் படம்: பகிரலாமா, கூடாதா?

கல்லடி_ரசிகன்:
ரெண்டரை மணித்தியாலச் சிங்களப் படங்கள எச்265 எண்ட வீடியோ சுருக்கிற முறையில சுருக்கி, 300 எம்பியாக்கி டெலிகிராமுல போட்டு வாறன். ‘கேஸ் வரும், அழியுங்க’ எண்டு ஒராள் இன்பொக்ஸ்ல சொல்றார். நான் ஒருத்தரிட்டயும் அஞ்சு சதம் வாங்கல்ல. டேட்டா போடக் காசில்லாத பொடியனுகள் பாக்கிறானுகள், சிங்களமும் பழகிறானுகள். இதுல என்ன களவு?

களுவாஞ்சிக்குடியாள்:
தம்பி, காசு வாங்காட்டியும் சட்டம் விடாது. இலங்கையில 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்: பிரதி எடுக்கிறதும் பொதுவில பரப்புறதும் உரிமையாளர்ர அனுமதியோடதான். வேணுமெண்டே மீறினா 5 லட்சம் ரூபா வரைக்கும் தண்டம், இல்லாட்டி 6 மாதம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேந்தும் வரலாம். சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க இடமிருக்கு, அதுவும் முறையா வாங்கின பிரதியிலிருந்துதான். நீங்க படத்தத்தான் சுருக்கினீங்க, அவங்கட உரிமைய இல்ல.

கல்லடி_ரசிகன்:
அக்கா, அப்ப பழைய படங்கள்? சிங்களப் பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ்ட ‘நிதானய’ படத்த 2013இல மீளமைக்கக்குள்ள மூல நெகட்டிவே இல்ல. ஆராவது பிரதி வச்சிருந்தபடியாத்தான் மிஞ்சினது. நாங்களும் அதத்தான் செய்றம்.

அக்கரைப்பற்று_நானா:
இல்ல தம்பி, அது வேற. அவங்க பிலிம் பிரதிய வச்சு, பிரேம் பிரேமாத் துடைச்சு எடுத்தாங்க. உங்கட 300 எம்பிய ரெண்டரை மணித்தியாலத்துக்குப் பிரிச்சா, சத்தத்தையும் சேத்து செக்கனுக்கு 270 கிலோபிட் கூட வராது. போன கிழமை உங்கட பைல் ஒண்ட டீவியில போட்டன். குப்பி லாம்பு வெளிச்சத்துல அந்தப் பொம்பிள அழுற இடம், முகமெல்லாம் சதுரம் சதுரமா உடைஞ்சு கிடக்கு. கண்ணீரே தெரியல்ல. இதையா பாதுகாப்பு எண்டுறீங்க?

நானும் ஒரு காலம் கொமினிகேசன் கடையில போன் மெமரி சிப்புக்குப் படம் ஏத்திக் குடுத்தவன்தான். அம்பாறைக்கு வேலைக்குப் போற ஆக்கள் சிங்களப் படம் கேப்பாங்க. உகனையில எனக்கொரு கூட்டாளி, சூட்டிங்குக்கு லைட் தூக்கிற நாட்கூலி. அவன் வேலை செஞ்ச படம் தியேட்டர்ல ஓடக்குள்ளயே என்ட கடையில கிடந்ததக் கண்டான். ஒண்டும் பேசாம தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போயிட்டான். அண்டைக்கு ராவே எல்லாத்தையும் அழிச்சன்.

கல்லடி_ரசிகன்:
சரி நானா, புதுப்படம் எல்லாத்தையும் இப்பவே எடுக்கிறன். ஆனா எங்கயும் வாங்கக் கிடைக்காத பழைய படத்தப் பத்தி என்ட கருத்து மாறல்ல. இன்னொண்டு: ரெண்டு கிழமை முழிச்சிருந்து ஒரு படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதினன். அத மட்டும் போடலாமா?

களுவாஞ்சிக்குடியாள்:
மொழிபெயர்ப்பு உரிமையும் அவங்களிட்டத்தான் தம்பி. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்க. தமிழ் எழுத்தோட படம் வந்தா முதல் ஆளா நான் காசு குடுத்துப் பாப்பன்.

அக்கரைப்பற்று_நானா:
கடிதத்தத் தமிழ்ல எழுதி எனக்கு அனுப்புங்க. உகனைக் கூட்டாளி சிங்களத்துல மாத்தித் தருவான்.